மாருதி 800: வளைவில் ‘டக் டக்’ சத்தம். ஆக்சிலையே மாற்ற வேண்டுமா, ஜாயின்ட் மட்டும் போதுமா?

#1 சேலத்துக்காரன்

வணக்கம். வண்டி 1999 மாருதி 800, கார்புரேட்டர், நாலு கியர். அப்பா வாங்கியது. மீட்டர் 1,43,000 காட்டுகிறது. நடுவில் கேபிள் அறுந்து ஒரு வருடம் மீட்டர் ஓடவே இல்லை, அதனால் கூடவே இருக்கும்.

போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. இருபதைத் தாண்டியதுமே, இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும் ‘டக் டக் டக்’ என்று முன்னாலிருந்து சத்தம். வலப்பக்கம் திரும்பினால் இல்லை. டயரில் கல் மாட்டியிருக்கும் என்று இறங்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லாததாலோ என்னவோ, சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினேன். வலது பக்க வெளி பூட் (கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் தண்டின் சக்கரப் பக்க ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) மடிப்பு மடிப்பாக வெடித்திருக்கிறது. உள்ளே கிரீஸ் இல்லை, செம்மண் குழம்புதான் இருந்தது. ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு மை தெளித்த மாதிரி. இடது பூட்டில் ஒரே ஒரு மடிப்பில் நகம் அளவு கிழிசல், கிரீஸ் இன்னும் உள்ளே இருக்கிறது.

மூன்று பேரிடம் கேட்டேன். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ‘ரெண்டு ஆக்சிலும் புதுசு போட்டுடலாம்’ என்கிறார். இன்னொருவர் கிரீஸ் அடைத்துப் புது பூட் போட்டால் போதும் என்கிறார். பார்ட்ஸ் கடைக்காரர் வெளி ஜாயின்ட் மட்டும் தனியாகவே வருமே என்கிறார். யாரை நம்புவது? ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்து பார்க்கவும் ஆசை.

#2 ஸ்பானர்12

செலவைப் பற்றிப் பேசும் முன் இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். ஆளில்லாத மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் கொஞ்சம் அழுத்தி வட்டம் அடியுங்கள். அப்புறம் அடுத்த பக்கம். ரிவர்ஸ் போட்டு கிளட்ச் விடும்போது ‘டங்’ என்று ஒரு அடி கேட்கிறதா? நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் இழுக்கும்போது வண்டி குலுங்குகிறதா? நேராகப் போகும்போது வேகத்துக்கு ஏற்ப ‘ஊ’ என்ற இரைச்சல் உண்டா?

‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் வெளி ஜாயின்ட். ரிவர்ஸில் அடி, இழுக்கும்போது குலுக்கல் என்றால் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட். இரைச்சல் வீல் பேரிங்கின் குணம், ஆக்சில் மாற்றி அது போகாது.

#3 மெட்ராஸ்மாருதி

இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. என் 800இல் இதே சத்தம் வந்தது. நல்ல கிரீஸ் அரைக் கிலோ அள்ளி அடைத்து, புது பூட் போட்டேன். இரண்டு வருடம் ஓடியது. விற்கும்போதும் யாரும் கேட்கவில்லை.

#4 லேத்பட்டறை

#3 நண்பருக்கு: சத்தம் அடங்கியது உண்மையாக இருக்கும். கெட்டி கிரீஸ் சத்தத்தை முழுங்கிவிடும், உள்ளே விழுந்த குழியை நிரப்பாது. வாங்கியவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சேலத்துத் தம்பிக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாரை நம்புவது என்ற கேள்வியே வராது.

அம்பாசடரில் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிராஸ் ஜாயின்ட் பார்த்திருப்பீர்கள். அது வளைந்து சுற்றினால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாக இருக்காது. 30 டிகிரி வளைத்து, ஒரு பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று ஒரே சீராகக் கொடுத்தால், மறுபக்கம் 87க்கும் 115க்கும் இடையே ஏறி இறங்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. பின்சக்கர வண்டியில் கோணம் சின்னது, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் போட்டு ஒன்றின் தடுமாற்றத்தை இன்னொன்றால் சரிக்கட்டிவிடலாம். முன்சக்கரம்தான் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் அந்த வித்தை செல்லாது, ஸ்டீயரிங் கையில் உதறும்.

இதற்கு விடை கண்டவர் ஆல்ஃப்ரட் செப்பா. ஃபோர்டு கம்பெனி இன்ஜினீயர், 1920களில் காப்புரிமை வாங்கினார். கிண்ணம் மாதிரி ஒரு வெளிக்கூடு, நடுவில் நட்சத்திரம் மாதிரி ஓர் உள்வளையம், இரண்டிலும் நீளவாக்கில் ஆறு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு குண்டு. ஆறு குண்டையும் ஒரு கூண்டு பிடித்துக்கொள்கிறது. ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் வந்து நிற்கும். வேகம் மாறாததன் ரகசியம் அவ்வளவுதான். 1959இல் வந்த பிரிட்டிஷ் மினிதான் இதைச் சின்னக் கார்களுக்குச் சாதாரணச் சரக்காக்கியது. உங்கள் 800இன் சக்கரப் பக்கம் இருப்பது இதன் வாரிசு.

இப்போது சத்தத்துக்கு வருவோம். நேராகப் போகும்போது குண்டுகள் பள்ளத்தின் நடுவிலேயே அசையாமல் கிடக்கும், பாரமும் அங்கேதான். மண் சேர்ந்து தேய்ந்தால் முதலில் குழி விழுவது அந்த நடு இடத்தில். ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். குழியின் விளிம்பைத் தாண்டும்போது ஒரு ‘டக்’. அதனால்தான் சுற்றுக் கூடக் கூட டக் டக்கும் வேகமாகிறது. இந்தக் குழிக்குக் கிரீஸ் மருந்து இல்லை. கிழிந்த அன்றே பூட் மாற்றியிருந்தால் ஜாயின்ட் இன்னும் ஐந்தாறு வருடம் ஓடியிருக்கும்.

#5 சேலத்துக்காரன்

லேத்பட்டறை அண்ணா, இப்படி யாரும் சொன்னதில்லை. நன்றி.

#2இல் கேட்ட சோதனை: இடப்பக்கம் ஒடித்து வட்டம் அடித்தால் டக் டக் தெளிவாகக் கேட்கிறது, மனைவி வெளியே நின்று வலது சக்கரம் என்று உறுதி செய்தாள். வலப்பக்கம் ஒடித்தால் சத்தமே இல்லை. ரிவர்ஸில் அடி இல்லை, குலுக்கல் இல்லை, இரைச்சல் இல்லை. ஆக, இடது பக்கம் தப்பித்திருக்கிறது?

#6 ஸ்பானர்12

தப்பித்திருக்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும், அதனால் வலது ஜாயின்ட் கத்துகிறது. எப்போதும் இப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உங்கள் விஷயத்தில் பூட்டும் அதையேதான் சொல்கிறது. வலதுக்கு வெளி ஜாயின்ட், இடதுக்குப் பூட். இரண்டு ஆக்சிலும் தேவையே இல்லை.

#7 வடலிக்காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, 2025இல் திரும்ப அனுமதிக்கும்வரை, பழைய 800, ஆல்ட்டோ எல்லாம் தங்கம் மாதிரி இருந்தன. ஓடாத வாகனத்தைக்கூட ஓட வைத்தோம்.

நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். கராஜ்காரர் சொன்னார் என்று பெயர் தெரியாத கம்பெனி ஆக்சிலை முழுதாக மாற்றினேன், பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கவும் இல்லை. ஒரு கிழமையில் கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெய் ஒழுகத் தொடங்கிற்று. எண்ணெய் சீல் மாற்றினோம், திரும்பவும் ஒழுகல். கடைசியில் அளந்து பார்த்தால், சீல் உதடு வந்து உட்காரும் இடம் பழையதைவிடக் கொஞ்சம் மெலிவு, கடைசல் கோடும் கையில் தட்டுப்பட்டது. கம்பெனி ஷாஃப்ட்டின் இரும்பும் அந்தப் பளபளப்பும் இந்த மலிவுச் சாமானில் இல்லை. ஷாஃப்ட் வளையவில்லை, ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில் வெட்டிய பற்கள்) தேயவில்லை என்றால் அதை எறியாதீர்கள்.

#8 லேத்பட்டறை

வடலிக்காற்று சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். முழு ஆக்சில் போடுவது மெக்கானிக்குக்கு லாபம், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். அவரைத் திட்டவில்லை, அவர் நேரம் அவருக்குக் காசு. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே.

#9 ஸ்பானர்12

சரி, கழற்றும் விதம். நான் கெடுத்து வைத்துக் கற்றுக்கொண்டவை மட்டும்.

வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடு நட்டைத் தளர்த்துங்கள். ஸ்ப்ளிட் பின்னைப் பிடுங்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீளமான பைப் செருகிய கைப்பிடியால். ஜாக்கியில் தூக்கிய பிறகு இந்த நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி உங்கள் மேல்தான் இறங்கும். தூக்கியதும் ஸ்டாண்டு. ஸ்டெப்னி டயரையும் அடியில் தள்ளிவையுங்கள், காசா பணமா.

கியர் ஆயிலை முதலில் வடித்துவிடுங்கள். சஸ்பென்ஷனின் கீழ்க் கை (லோயர் ஆர்ம்) பால் ஜாயின்ட்டின் போல்ட்டைக் கழற்றி, அந்த ஆர்மை அழுத்தினால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் விடுபடும். ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பர் தூண்) சேர்த்து வெளியே சாய்த்தால் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து நழுவும். வராவிட்டால் நட்டை மரையின் நுனிவரை திருப்பி வைத்து மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வெறும் மரையில் சுத்தியல் பட்டால் கதை முடிந்தது. பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கத்தை எடுக்க ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள் ஜாயின்ட்டில் மூன்று ரோலரைத் தாங்கும் ட்ரைபாட், தன் கப்பை விட்டுக் கழன்று, பூட்டுக்குள் மூன்று ரோலரும் உதிர்ந்து நிற்கும். கப்புக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இரண்டு டயர் லீவரை எதிரெதிராகக் கொடுத்து ஒரே நெம்பு. உள்ளே ஒரு சின்ன ஸ்னாப் ரிங் பிடித்திருக்கும், ‘டக்’ என்று விடும். சீல் ஏன் மிச்சம், அதையும் மாற்றிவிடுங்கள்.

ஒரு பக்கம் முடித்து மாட்டிய பிறகுதான் மறுபக்கம். ஷாஃப்ட் இல்லாமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கித் தள்ளவும் கூடாது, ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே அந்த நட்டுதான்.

இடது பக்கத்துக்கு ஒரு யோசனை. அங்கே வெளி ஜாயின்ட் நன்றாக இருப்பதால் அதைத் தட்டிக் கழற்ற வேண்டாம். ட்ரைபாடை எடுத்துவிட்டு, அந்த முனை வழியாகவே இரண்டு பூட்டையும் ஏற்றலாம். ட்ரைபாடை எடுக்கும் முன் ஷாஃப்ட்டிலும் அதிலும் பெயின்ட்டால் ஒரு கோடு. ரோலர்களைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், உள்ளே ஊசி ஊசியாக பேரிங் இருக்கிறது. ஒன்று உருண்டு போனால் தரையெல்லாம் தேட வேண்டும்.

#10 கோவைஜென்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாருதி ஜென், 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது. அதுவும் ஆக்சிலா?

#11 ஸ்பானர்12

ஆக்சிலரேட்டரை விட்டதும் உதறல் நின்றால் உள் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். விட்டாலும் அதே வேகத்தில் உதறினால் முதலில் வீல் பேலன்ஸ் பாருங்கள். தனி இழை போடுங்கள், இங்கே 800 ஓடட்டும்.

#12 சேலத்துக்காரன்

முதல் ஞாயிறு அறிக்கை. வலது பக்கம். காலை ஏழுக்கு ஆரம்பித்து, நட் கழன்றது பத்தே காலுக்கு.

ஸ்ப்ளிட் பின் துருப்பிடித்து உள்ளேயே ஒடிந்தது. முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டிருந்தும் அசையவில்லை. ஆணியால் தட்டித் தட்டி வெளியே தள்ளினேன். நட்டுக்கு நாலடி தண்ணீர் பைப் செருகி, அதன் நுனியில் நான் ஏறி நின்றேன். 74 கிலோ. அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தோளைப் பிடித்து லேசாகக் குதித்ததும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பைப் தரையில் கிடந்தது, நான் செம்பருத்திச் செடியில் கிடந்தேன். அதற்கப்புறம் எல்லாம் சுலபம்தான், கியர்பாக்ஸ் பக்கம் #9இல் சொன்ன மாதிரி ஒரே நெம்பில் வந்துவிட்டது.

வெளி ஜாயின்ட்டை வைஸில் பிடித்து, உள்வளையத்தில் பித்தளைக் கம்பி வைத்து இரண்டு அடி, ஷாஃப்ட்டிலிருந்து கழன்றது. ஆர்வக்கோளாறில் அதையும் பிரித்தேன். கூண்டை ஒரு பக்கம் சாய்த்தால் எதிர்ப்பக்கக் குண்டு ஜன்னலில் தலைகாட்டுகிறது, நெம்பினால் கையில் விழுகிறது. டீசலில் கழுவித் துடைத்துப் பார்த்தேன். ஆறு பள்ளத்தில் நாலில், சரியாக நடுவில், நெல்மணி அளவுக்கு ஒரு தடம். கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் தெரிகிறது. விரல் நகத்தை ஓட்டினால் அங்கே மட்டும் நகம் ஒரு கணம் நின்று விழுகிறது. மலையில் கேட்ட சத்தம் இந்த இடம்தான் என்று நினைத்தபோது கொஞ்சம் சிலிர்த்தது. குண்டுகளிலும் மங்கலாக ஒரு வளையம்.

#13 லேத்பட்டறை

நகச் சோதனை சரியான சோதனை. அந்த ஜாயின்ட் இனி வேண்டாம். புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். ஷாஃப்ட் பக்க ஸ்ப்லைன், ஹப் பக்க ஸ்ப்லைன், இரண்டையும் எண்ணுங்கள். சீல் உட்காரும் விட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள்.

#14 மெட்ராஸ்மாருதி

சரி, கிரீஸ் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் ஒரு பெரியவர், வலது ஜாயின்ட்டை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் போட்டால் சத்தம் போய்விடும் என்றார். கதையா?

#15 லேத்பட்டறை

கதை இல்லை, பழைய வித்தை. முன்னால் போகும்போது குண்டு பள்ளத்தின் ஒரு சுவரில்தான் அழுத்தும். எதிர்ச் சுவருக்கு ரிவர்ஸிலும் இன்ஜின் பிரேக்கிலும் மட்டும்தான் வேலை. ஜாயின்ட்டைப் பக்கம் மாற்றினால் சுற்றும் திசை மாறி, தேயாத சுவர் பாரத்தைத் தாங்கும். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் இப்படித்தான் ஓட்டினோம். 800இல் இரண்டு பக்க ஷாஃப்ட்டும் வேறு வேறு நீளம், ஆகவே ஜாயின்ட்டை மட்டும்தான் மாற்ற முடியும். சேலத்துத் தம்பியின் வண்டியில் இது தேவையில்லை. நல்லபடி இருக்கும் இடது ஜாயின்ட்டை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

#16 சேலத்துக்காரன்

வலது முடிந்தது. முதல் கடையில் கொடுத்த ஜாயின்ட் பெட்டியில் ‘800’ என்றுதான் இருந்தது, எண்ணினால் ஒரு பல் அதிகம். இரண்டாவது கடையில் சரியாகக் கிடைத்தது. ஜாயின்ட், இரண்டு பக்கத்துக்கும் பூட் கிட், சீல், கியர் ஆயில் எல்லாம் சேர்த்து எனக்கு 2,900 ரூபாய் ஆனது.

இடது பக்கத்தில் ஒரு அசிங்கம். ட்ரைபாடை எடுத்து, வெளி ஜாயின்ட்டை டீசலில் ஆட்டி ஆட்டிக் கழுவி, பெட்ரோல் விட்டு உலர்த்தி, கறுப்பு மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் அடைத்து, ட்ரைபாடைக் கோடு பார்த்துத் தட்டி ஏற்றி, சர்க்கிளிப் போட்டு, கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வெளி பூட் திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. திரும்ப எல்லாவற்றையும் கழற்றினேன்.

கேள்வி: ட்ரைபாடுக்குக் கிட்டில் வேறு நிறத்தில் ஒரு கிரீஸ் பாக்கெட் வந்தது, அதைப் போட்டேன். கிளாம்ப் இறுக்கியதும் பூட் உப்பிக்கொண்டு நிற்கிறது. பரவாயில்லையா?

#17 ஸ்பானர்12

பூட்டை மறக்காதவர் இந்தத் தளத்திலேயே கிடையாது. நான் இரண்டு முறை.

உப்பல் இருக்கக் கூடாது, மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். சின்னக் கிளாம்ப்பைத் தளர்த்தி, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை உதட்டுக்கடியில் விட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்குங்கள். கட்டுக்கம்பியோ கேபிள் டையோ வேண்டாம், கிட்டோடு வந்த பட்டையையே போடுங்கள். அந்தந்த ஜாயின்ட்டுக்கு அந்தந்த பாக்கெட், நீங்கள் செய்தது சரி. ஒட்டிப் போடும் பிளவு பூட் ஒன்று விற்கிறார்கள், ஆக்சிலைக் கழற்ற வேண்டாம் என்று. எண்ணெய்ப் பிசுக்கில் பசை நிற்காது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாட்டும்போது கப் உள்ளே போய் ‘க்ளிக்’ கேட்கும்வரை தள்ளுங்கள். பிறகு கப்பைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. நடு நட்டை வண்டி தரையில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்கி, துளை பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்துங்கள், தளர்த்திப் பொருத்தாதீர்கள். புது ஸ்ப்ளிட் பின். கியர் ஆயில் ஊற்ற மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்த ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

#18 வடலிக்காற்று

எண்ணெய் எந்த ரகம் விட்டீர்கள்? ஜிஎல்-5 நல்லது என்று இங்கே சிலர் தலையில் கட்டுகிறார்கள்.

#19 சேலத்துக்காரன்

80டபிள்யூ-90, ஜிஎல்-4. ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்க்கை கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது என்று இங்கேயே பழைய இழை ஒன்றில் படித்திருந்தேன். நிரப்பு துளையில் வழியும்வரை ஊற்றினேன். காற்றையும் வெளியேற்றிவிட்டேன், பூட் இப்போது ஒட்டிய வயிறாக இருக்கிறது.

#20 சேலத்துக்காரன்

ஏழு வாரம், 1,100 கிலோமீட்டர். நேற்று மறுபடி கொல்லிமலை. இந்த முறை பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இடப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். ஒரு சத்தமும் இல்லை. மேலே போய்ப் படுத்துப் பார்த்தேன், ரிம் காய்ந்திருக்கிறது, சீல் பக்கமும் ஈரம் இல்லை.

பழைய ஜாயின்ட்டின் ஆறு குண்டில் நாலைப் பையன் கோலி விளையாட எடுத்துக்கொண்டான். தெருவில் யாருடைய கோலியும் உடையாமல் திரும்புவதில்லையாம், புகார் வந்துகொண்டிருக்கிறது.

#21 லேத்பட்டறை

மீதி இரண்டை அவன் கண்ணில் காட்டாதீர்கள்.